முன் சில்லில் வந்த எண்ணெய் வாசம்

கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்று இருக்கிறது. ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, முற்பகலில், அந்த இறக்கத்தில் என் பழைய வானை மெல்ல ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கையில் மெக்கானிக் சேவியர் அண்ணன். முன் சில்லுகள் இரண்டுக்கும் புது பிரேக் போட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டிருந்தோம்.

"யாரோ வடை சுடுறாங்க தம்பி" என்றார் சேவியர் அண்ணன், மூக்கை யன்னல் பக்கம் நீட்டி.

எனக்கும் மணத்தது. நன்றாகக் காய்ந்த தேங்காய் எண்ணெயின் வாசம். காலையில் வெறும் தேநீரோடு வந்தவனுக்கு வாயூறியது.

ஒரு வீட்டைத் தாண்டினோம். வாசம் இருந்தது. இன்னும் சில வீடுகளைத் தாண்டினோம். அப்போதும் இருந்தது. ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வடை சுட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியபோது, இறக்கத்தின் அடியில் இருந்த சோதனைச் சாவடியின் தார்ப் பீப்பா கண்ணுக்குத் தெரிந்தது.

பிரேக்கை மிதித்தேன். மிதி கெட்டியாகத்தான் இருந்தது. காலுக்குக் கீழே தாழவில்லை. ஆனால் வான் நிற்கவில்லை. சோப்புப் போட்ட கையால் எதையோ பிடிப்பதுபோல, பிடிக்கிறது, வழுக்குகிறது. சாவடியில் கதிரையில் இருந்த சிப்பாய் எழும்பினான். எழும்பியபோது கையிலிருந்த துவக்கும் கூட எழும்பியது.

சேவியர் அண்ணன் குறுக்கே கையை விட்டு ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். வான் ஒரு குலுக்குக் குலுக்கி, பீப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இரண்டு முன் சில்லுகளிலிருந்தும் மெல்லிய வெள்ளைப் புகை எழும்பி, சிப்பாயின் முகத்துக்கு நேரே போனது.

அவன் மூக்கைச் சுளித்தான். வானுக்குள் என்ன சமைக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். சேவியர் அண்ணன் அந்த ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவர், அவனுக்கும் தெரிந்தவர். ஏதோ பகிடியாகச் சொல்லிச் சமாளித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

அது யாருடைய எண்ணெய் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

கடல் தின்ற வீடு

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த ஒருவர், என்னைக் கடையில் கண்டு, "உங்களுக்கு வானை விட்டால் எழுத வேறொன்றும் இல்லையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நான் கண்டதெல்லாம் வானின் முன்கண்ணாடி வழியாகக் கண்டதுதான்.

அப்போது நானும் அக்காவும் வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக, ஒரு தொடர்மாடியின் மூன்றாவது மாடியில் இருந்தோம். பல்கனியில் நின்றால் ரெயில் பாதை. அதற்கு அங்கால் கடல். ரெயில் போனால் அலமாரியில் உள்ள கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டோம். கடல் எங்களைத் தெரிந்துகொண்டது பிறகுதான். உப்புக் காற்று வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் தின்னத் தொடங்கியது. யன்னல் கொளுக்கிகள், காஸ் அடுப்பின் கால், தேங்காய் துருவும் திருவலை, பாக்குவெட்டி, வாசல் பூட்டு. காலையில் துடைத்து வைத்த கத்தி பின்னேரம் மண்ணிறமாய்ப் பூத்திருக்கும்.

அக்கா அதற்கு எதிராக ஒரு சின்னப் போத்தலோடு நின்றா. இருமல் மருந்து வந்த போத்தல். மூடியில் ஆணியால் துளை போட்டு, தேங்காய் எண்ணெய் நிரப்பி வைத்திருந்தா. சனிக்கிழமை பின்னேரங்களில் அந்தப் போத்தலையும் பழைய சட்டைத் துணியையும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவா. கதவுக்கு ஒரு சொட்டு, பூட்டுக்கு ஒரு சொட்டு, தையல் மெசினுக்கு இரண்டு. கீழ்வீட்டு அம்மா தன் கொளுக்கிகளுக்கும் போட்டுத் தரும்படி கூப்பிடுவா. அக்கா போவா. ஒரு தேநீர் குடித்துவிட்டு, அந்த வீட்டு இரும்பையும் காப்பாற்றிவிட்டு வருவா.

அத்தான் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே கனடா போய்விட்டார். அக்காவைக் கூப்பிடுவதற்கான அலுவல்களைக் கொழும்பில் இருந்துதான் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தா. துணைக்கு நான். சில மாதம் என்று நினைத்து வந்தோம். மாதங்கள் வருடங்களாகின. அந்தத் தொடர்மாடியில் பாதிப் பேர் அப்படித்தான் எதற்காகவோ காத்திருந்தார்கள். படியில் ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் கேட்பதற்கு முதல் "வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். சும்மா இருக்கக் கூடாது என்று அத்தான் ஒரு பழைய ஜப்பான் வான் வாங்க உதவினார். காலையிலும் மத்தியானத்திலும் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். இடைக்கிடை விமான நிலைய ஓட்டம் கிடைக்கும்.

அந்த வானின் பக்கக் கதவு இழுத்துத் திறக்கிற கதவு. திறக்கும்போது ஒரு முனகல் சத்தம் போடும். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வருவார்கள். ஹோர்ன் அடிக்கத் தேவையில்லை. அதனால் அந்தக் கதவுக்கு மட்டும் எண்ணெய் போடவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பாலத்தடியில்

பிரேக்கில் கரகரப்புச் சத்தம் வரத் தொடங்கியது மழைக்காலம் முடிந்த கையோடு. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் தகரத்தை அரத்தால் உரசுவது போலிருக்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் அதேபோலச் சத்தம் போட்டுப் பழகியிருந்தார்கள். நான் மிதிப்பதற்கு முன்னமே அவர்கள் உரசிவிடுவார்கள்.

வான் ஓட்டாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முன் சில்லுக்குப் பின்னால், சில்லோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைகள்தான் பேட். பேட் தேய்ந்து முடிந்தால் அதன் முதுகு இரும்பு டிஸ்க்கை உரசும். பிறகு இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், இந்தக் கிழமை போகட்டும், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விமான நிலையத்தில் ஆளை விட்டுவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தேன். பேலியகொடைப் பக்கம், பாலத்துக்கு முன்னால் உள்ள சாவடி. அங்கே தரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோட்டில் நிற்க வேண்டும். கோட்டுக்கு முன்னமே நின்றால் ஒளிக்கிறாய் என்பார்கள், தாண்டி நின்றால் பாய்கிறாய் என்பார்கள். மீன் லொறி ஒன்று முன்னால் விலக, நான் மிதித்தேன். வான் உரசிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டி நின்றது.

யாரும் சுடவில்லை. பிறகு வயது போன சிப்பாய் ஒருவர் யன்னலுக்கு வந்தார். என் முகம் அவருக்குப் பழக்கம். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை.

"மல்லி, பிரேக் நெத்த?" என்றார். தம்பி, பிரேக் இல்லையா?

தலையை ஆட்டினேன். ஆமென்றா இல்லையென்றா ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் கோட்டைக் காட்டினார். பிறகு தன் துவக்கைக் காட்டினார். பிறகு என் நெஞ்சைக் காட்டினார். பகைமையாக அல்ல, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போல. போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், அக்கா கதவைத் திறந்தபடி நிற்கிறா. கையில் நீளமான கடித உறை. படியில் ஏறும்போதே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விசா வந்துவிட்டது.

பாலத்தடியில் நடந்ததை நான் சொல்லவில்லை. பிரேக் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"வடிவாய் மாத்து" என்றா அக்கா. "நீதான் என்னைக் கொண்டுபோய் ஏத்தவேணும். வேறை ஆருடைய வானிலும் நான் போகமாட்டன், சொல்லிப்போட்டன்."

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மாடியில் இருந்த ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத ஒருவர் விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனார். வழியில் சிப்பாய்கள் மறித்தபோது அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல், பெட்டிகளையெல்லாம் தெருவில் அவிழ்த்துக் காட்டி முடிய விமானம் போய்விட்டது. அந்தப் பெண் திரும்பிவந்து படியேறிய சத்தத்தை நாங்கள் எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். என் வானைப் பொலிசில் முறைப்படி பதிந்திருந்தேன். வழியில் உள்ளவர்களுக்கு என் முகம் தெரியும். அவ்வளவுதான் என்னிடம் இருந்த தகுதி. அது அக்காவுக்குப் போதும்.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த தட்டுகள்

வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பானையே துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து தொங்கவிட்டிருப்பார்கள். நான் போன கடைக்காரர் டிஸ்க்கை ஒரு விரலில் மாட்டித் தூக்கி, ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்று நீளமாக ஒலித்தது. வெடிப்பு இருந்தால் அப்படி ஒலிக்காதாம். அந்த ஒலி காதில் இருக்க, இரண்டு டிஸ்க்கையும் பேட் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அவற்றைச் சாமித்தட்டுக்குக் கீழே வைக்கச் சொன்னா. வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் அங்கேதான் முதலில் இருக்க வேண்டும். அத்தானின் கடிதமும் அங்கே இருந்துதான் பிறகு பிரிபடும். டிஸ்க் ஒவ்வொன்றின் நடுப்பகுதியிலும் சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு வைத்தா.

சேவியர் அண்ணனுக்கும் எனக்கும் நாள் சரிவரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள் வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தபோது அவருக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அடுத்த தடவை கொட்டாஞ்சேனைப் பக்கம் இராணுவச் சுற்றிவளைப்பு, தெரு பூட்டு. இப்படியே போய், கடைசியில் அக்கா பறக்கிற நாளுக்கு முதல்நாள் வந்த போயாதான் கிடைத்தது. அதுவரை டிஸ்க்குகள் சாமித்தட்டின் கீழே கடற்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

இடையில் ஒருநாள் காலை ஓட்டம் முடித்து வந்தபோது, அக்கா பல்கனியில் பேப்பர் விரித்து இருந்தா. மடியில் ஒரு டிஸ்க். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தா.

"பாரடா, பாவிக்க முதலே கறள் பிடிச்சிட்டுது. பார்த்துக்கொண்டிருந்தால் கடல் இதையும் திண்டிடும்" என்றா.

டிஸ்க்கில் எண்ணெய் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பூட்டுவதற்கு முன் சேவியர் அண்ணன் பெற்றோலால் துடைப்பார் என்பதும் தெரியும். இன்னும் கொஞ்ச நாளில் போகப்போகிறவ ஆசையாகச் செய்கிறா. பேசாமல் உடுப்பு மாற்றப் போனேன்.

நான் காணாதது என்னவென்றால், மூலையில், செத்தல் மிளகாய்ச் சுளகுக்குப் பக்கத்தில், பேட் நாலும் எண்ணெய் குடித்துவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியின் அடி

போயா அன்று காலை சேவியர் அண்ணனின் கராஜில் வேலை வடிவாகத்தான் நடந்தது. ஜாக் வைத்துச் சில்லுகளைக் கழற்றினோம். பழைய டிஸ்க் கறள் பிடித்து இறுகிப்போய் வர மறுத்தது. சேவியர் அண்ணன் அதோடு கதைத்துக் கதைத்து, சுத்தியலால் சுற்றிவரத் தட்டிக் கழற்றினார். முகம் முழுக்கப் பள்ளம். கிராமபோன் தட்டுப் போல இருந்தது. "இதுல பாட்டுக் கேக்கலாம் தம்பி" என்றார்.

புதிய டிஸ்க்கைப் பெற்றோல் துணியால் துடைக்கும்போது ஒருமுறை முகர்ந்து பார்த்தார். கம்பெனிக்காரன் என்ன எண்ணெய் பூசி அனுப்புகிறானோ என்றார். நடுவில் இருந்த குங்குமப் பொட்டைக் கண்டதும் கையை நிறுத்தினார். அந்த இடத்தில் பேட் படாது, இருக்கட்டும் என்று பொட்டைச் சுற்றித் துடைத்தார். அவர் கழுத்தில் அந்தோனியார் பதக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

பேட் நாலையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டினார். கறுப்புச் சாமான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரேக் மிதியைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கி, புது பேட் படிய வேண்டும், மெதுவாக ஓடி மெதுவாகப் பிடித்துவிடு என்று சொல்லித்தான் என்னை ஓட்டவைத்தார். பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் போகப் பேட் சூடானது. சூடாக, உள்ளே ஊறியிருந்தது வெளியே வந்தது.

சாவடியிலிருந்து ஹாண்ட் பிரேக்கை நம்பி ஊர்ந்து கராஜுக்குத் திரும்பினோம். சேவியர் அண்ணன் பேட் பெட்டியைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பெட்டியின் அடி அட்டை, வடை சுற்றிய கடதாசி போல எண்ணெய் ஊறிக் கண்ணாடியாய்த் தெரிந்தது.

"யாரு தம்பி?"

"வீட்டிலை கடல் காத்து" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாளைக்குப் போற அக்காவா? நல்லா ஊற வச்சு, பொரிச்சுல்ல குடுத்திருக்காங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

பேட்டைப் பெற்றோலில் கழுவிப் பார்த்தார். புளோ லாம்பின் நெருப்பால் சுட்டுப் பார்த்தார். ஆறவைத்தால் மறுபடி வியர்த்தது. பழைய பேட்டில் இரும்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. போயா என்பதால் பஞ்சிகாவத்தை முழுக்கப் பூட்டு. தெரிந்த கடை முதலாளி ஒருவரின் வீட்டுக்குச் சேவியர் அண்ணன் போன் எடுத்தார். குடும்பத்தோடு பன்சாலைக்குப் புத்தரைக் கும்பிடப் போய்விட்டார்களாம். மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கு முன்னமே நாங்கள் வெள்ளவத்தையை விட்டுப் புறப்பட வேண்டும்.

வேறு வான் பிடித்துப் போகச் சொல்லலாம். அதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? ஏன் என்று கேட்பா. ஏன் என்று சொன்னால், தான் பூசிய எண்ணெய்தான் என்று தெரிந்துவிடும். இத்தனை வருடம் காத்திருந்தவ, அந்த நினைப்போடு விமானம் ஏறுவதா? சொல்லாமல் பாலத்தடிக் கோட்டுக்கு இந்த பிரேக்கோடு போகவும் முடியாது. நான் கராஜ் வாசலில் ஒரு ரயரின் மேல் குந்தியிருந்தேன்.

அவசரப்படாத வண்டி

கராஜுக்கு அடுத்த கட்டடம் ஒரு மலர்ச்சாலை, சவ அடக்கம் செய்து கொடுக்கிற இடம். வாசலில் அவர்களுடைய வண்டி நின்றது. வெள்ளை நிறம், இரண்டு பக்கமும் கண்ணாடி, கூரையில் சிலுவை. சேவியர் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் வானைப் பார்த்தார். பிறகு மறுபடி அதைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாடல் தம்பி."

அக்கா நல்ல நேரம் பார்த்து, ராகுகாலம் விலக்கி, எந்தக் காலை முதலில் வானில் வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறவ.

"அந்த வண்டி பேட்ட நான்தான் போட்டேன். புதுசு மாதிரியே இருக்கும்" என்றார் அவர். "அந்த வண்டி என்னிக்காவது அவசரமா போயிருக்கா? சடார்னு பிரேக் அடிச்சிருக்கா? கொழும்புலயே மரியாதையா ஓடுற வண்டி அதுதான்."

நான் அந்த வண்டியின் கூரைச் சிலுவையைப் பார்த்தேன்.

"உங்க ஆளுங்களுக்கு எதிர்ல பொணம் வந்தா நல்ல சகுனம்தானே?"

எதிரே வந்தால் நல்லது. சில்லுக்குள் வந்தால் எப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மலர்ச்சாலைக்காரர் பருத்த மனிதர். வாசலில் சாய்வுக் கதிரையில் இருந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். சேவியர் அண்ணனோடு பின்னேரங்களில் டாம் பலகை விளையாடுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், என்னிடம் திரும்பினார்.

"அக்கா எத்தன வருஷமா காத்துக்கிட்டு இருந்தாங்க?"

சொன்னேன்.

அவர் விசிறுவதை நிறுத்தினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் சாகாம இருக்கணும். இந்தக் காலத்துல அப்படிச் சொல்ல முடியாது தம்பி. அன்னாடம் எங்கேயாவது ஒண்ணு. இருந்தாலும்..." என்று நிறுத்தி, சேவியர் அண்ணனுக்குக் கையைக் காட்டினார். "கழட்டிக்க."

கழற்றினோம். சேவியர் அண்ணன் சொன்னது போலவே, பேட் தடிப்பாக, ஒழுங்காக இருந்தது. டிஸ்க்கை மறுபடி பொட்டைச் சுற்றிப் பெற்றோலால் துடைத்து, காய்ந்ததும் பூட்டினோம். அதே ஒழுங்கையில் இறங்கினோம். அந்தச் சிப்பாய் எங்களைக் கண்டதுமே எழும்பி ஓரமாக நின்றுகொண்டான். வான் பீப்பாவுக்கு வெகு தூரத்திலேயே, ஒரு சத்தமும் இல்லாமல், பணிவாக நின்றது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். அவவுக்கு விருப்பமில்லாத ஒன்றில், அவவுக்குத் தெரியாமல், ஏற்றிக்கொண்டு போகிறேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது சொல்வது என்று தீர்மானித்தேன். பம்பலப்பிட்டியில் வேண்டாம் என்று பட்டது. வெள்ளவத்தையில் படியேறி உள்ளே போனால், பெட்டிகளுக்கு நடுவில் நின்று, "சரியாய் நிக்குதோ?" என்று கேட்டா.

"ஓம். நல்லாய் நிக்குது" என்றேன்.

கோட்டில் நின்றது

காலையில் அக்கா வீட்டுப் பூட்டைப் பூட்டுவதற்கு முதல் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா. கீழே வந்து முன் சில்லு இரண்டின் கீழும் தேசிக்காய் வைத்தா. கீழ்வீட்டு அம்மா நிறைகுடம்போல ஒரு செம்புத் தண்ணீரோடு எதிரே வந்து நின்றா. கதவு முனகியது. அக்கா வலது காலை வைத்து ஏறினா. தேசிக்காய் நசிந்த வாசத்தோடு காலி வீதிக்கு ஏறினோம்.

வழியில் அதிகம் கதைக்கவில்லை. அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தா. ஒவ்வொரு சாவடியிலும் பாஸ்போட்டை எடுத்துக் காட்டி, மறுபடி கைப்பைக்குள் வைத்து, சிப் இழுத்து, சிப்பைத் தடவிப் பார்ப்பா.

பாலத்தைத் தாண்டி இறங்கும்போதே வேகத்தைக் குறைத்தேன். வெள்ளைக் கோடு தெரிந்தது. மிதித்தேன். வான் கோட்டின் மேல், வைத்ததுபோல நின்றது. அதே வயது போன சிப்பாய்தான். குனிந்து சில்லைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தென் ஹரி, மல்லி" என்றார். இப்போ சரி.

அக்காவின் பெட்டிகளைத் திறக்கச் சொல்லாமலே விட்டார். சாவடியைத் தாண்டியதும் அக்கா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினா.

"பாத்தியே? வெண்ணெய் மாதிரி நிக்குது. நான் எண்ணெய் போட்டது வீண்போகேல்லை."

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. அன்று முழுவதும் அதுவரைக்கும் அப்படிச் சிரிக்கவில்லை. நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். கண் கொஞ்சம் கலங்கியது.

விமான நிலையத்தில் அந்த நாட்களில் வழியனுப்ப உள்ளே விடமாட்டார்கள். வெளியே இறக்கிவிட்டு உடனே வானை எடுத்துவிட வேண்டும். கதவை இழுத்தேன். அது முனகியது. பெட்டிகளை இறக்கினேன். காவலுக்கு நின்றவன் சீக்கிரம் என்று கையசைத்தான்.

அக்கா கைப்பையைத் திறந்து, அந்த இருமல் மருந்துப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தா.

"வானுக்குக் கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் போடு. மறந்திடாதை. கடல் பொல்லாதது."

"ஓம் அக்கா."

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனா. திரும்பிப் பார்த்தாவோ தெரியாது. காவல்காரன் என் வானின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

எங்கே போடுவது

திரும்பும்போது நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மலர்ச்சாலைக்காரர் அதே கதிரையில் இருந்தார்.

"ஒருத்தரும் வரல்ல" என்றார் தூரத்திலேயே. தான் ஏதோ கையில் ஏந்திப் பிடித்திருந்து இப்போதுதான் இறக்கி வைத்ததுபோல, நிமிர்ந்து சோம்பல் முறித்தார்.

சேவியர் அண்ணன் புது பேட் வாங்கி வைத்திருந்தார். இரவல் பேட்டைக் கழற்றி உரிய வண்டியில் பூட்டினார். புதியதை என் வானில் பூட்டினார். டிஸ்க்கின் நடுவில் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. சில்லைப் பூட்டிவிட்டு எழும்பும்போது, முன்கண்ணாடியடியில் நின்ற போத்தலைக் கண்டார்.

"இது என்னா?"

"அக்கா தந்தவ. வானுக்குக் கிழமைக்கு ஒருக்காப் போடச் சொல்லி."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு வானைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பக்கக் கதவண்டை நின்றார். கதவு ஓடுகிற தண்டவாளத்தில், கீழும் மேலும், துளைமூடி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். கதவை இழுத்து மூடினார், திறந்தார், மூடினார். முனகல் குறைந்து குறைந்து, கடைசியில் இல்லாமல் போனது.

"இங்க போடுங்க" என்றார். "அக்கா கேட்டா, போடுறேன்னு சொல்லலாம்."

அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். கதவு சத்தம் போடவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஹோர்ன் அடித்தேன்.

கனடாவிலிருந்து அக்கா எடுத்த முதல் போனில், போய்ச் சேர்ந்த கதையும் குளிரின் கதையும் சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டா: "வானுக்கு எண்ணெய் போடுறியோ?"

"ஓம் அக்கா. சனிக்கிழமையிலை."

"அதுதான் நல்லாய் நிக்குது" என்றா.

பல வருடங்களுக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தா. வானை விற்றுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. அதுவரைக்கும் சனிக்கிழமை பின்னேரங்களில், சட்டைத் துணியும் போத்தலுமாக, வெள்ளவத்தையில் வானுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருப்பேன். ரெயில் போகும். கதவு சத்தமில்லாமல் போய் வரும்.